புளி போட்டுத் துலக்கிய பிளக்

மூன்று அடி விழும், நான்காவது விழாது. மறுபடியும் மூன்று. நாற்சீர் அடியில் கடைசிச் சீர் உதிர்ந்துபோன மாதிரி. மலைப்பாதையில் அந்த ஜீப் ஏறிவரும் சத்தத்தை நான் கேட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தெருவில் எந்த வண்டியும் இல்லாத சில மாலைகளில் இன்னும் அது கேட்கிறது.

கல்வராயன் மலையில் ஒரு சிறிய மடம். கல்லூரி விடுமுறைகளில் நான் அங்கே போய்த் தங்குவேன். ராணுவம் ஏலம் விட்ட பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று அங்கே இருந்தது. அரிசி அதில்தான் ஏறும். காய்ச்சல்காரர்கள் அதில்தான் இறங்குவார்கள். அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் மடத்துத் தலைவர்தான். துறவுக்கு முன் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எல்லோருக்கும் அவர் சாமி.

சீடர்கள் இருவர். சமையலுக்கு மாசிலாமணி. விளக்குகளுக்குத் தையல்நாயகி. சாமிக்குத் தாய் வயது அவளுக்கு.

அந்த மாதம் முழுவதும் ஜீப் நொண்டியது. ஞாயிறுதோறும் சாமி நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவார். முனையின் இடைவெளியை மெல்லிய தகட்டால் அளந்து சரிசெய்து மாட்டுவார். அடுத்த நாள் நன்றாக ஓடும். அதற்கடுத்த நாள் நொண்டும்.

“என்ன கோளாறுன்னே புரியலை,” என்றார் சாமி. “பிளக் நிறத்தைப் பார்த்தா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும். கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தா சூடு அதிகம். இது என்னடான்னா இப்பதான் கடையில வாங்கின மாதிரி மின்னுது.”

“தவம் பண்ணுதோ என்னமோ,” என்றான் மாசிலாமணி. “நாம பண்ணாததை.”

ஒரு நாள் முற்பகலில், தேன் வாங்க மேலே வந்த வியாபாரி தையல்நாயகிக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார். டவுனில் இருக்கும் அவள் தங்கை சிவகாமிக்கு நாளைக் காலை ஆபரேஷன். வயிற்றில் கட்டி.

“ரொம்பப் பயப்படறாங்க. அக்கா வருவாளான்னு கேட்டாங்க,” என்றார்.

ஆறு ஆண்டுகளாக அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. தாய் இறந்தது சிவகாமியின் வீட்டில். மழையில் பஸ் மாறி பஸ் மாறித் தையல்நாயகி போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டாள்.

“வண்டியை எடுக்கறேன். கிளம்புங்கம்மா,” என்றார் சாமி.

“நான் வரலை சாமி.”

“ஏன்?”

“அவ பேரைக் கேட்டதுமே வயிறு எரியுது. சாகக் கிடக்கறவளோ என்னவோ, அவ முன்னாடி இந்த மனசோட போய் நிக்கலாமா? இங்கே வந்த நாளிலேர்ந்து தேய்ச்சுக்கிட்டேதான் இருக்கேன். காலையில தேய்ச்சா சாயங்காலம் மறுபடியும் கரி. இது எப்ப சாமி சுத்தமாகும்?”

 சாமி ஜீப்பிடம் போய் பானெட்டைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

பிளக் இருக்க வேண்டிய நான்கு இடத்திலும் ஓட்டை.

“மாசிலாமணி, பிளக்கை யாரு எடுத்தது?”

“எனக்கு எதுக்கு சாமி அது? குழம்புல போடவா?”

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டு சமையல்கட்டின் பின்பக்கம் போனாள். இரு கைகளிலும் ஒரு தாம்பாளத்தை ஏந்தி வந்தாள். பித்தளைக் குத்துவிளக்கின் தட்டுகளுக்கு நடுவே, புளித் தண்ணீரில், நான்கு பிளக்குகள் ஊறிக்கொண்டிருந்தன.

“கறுத்துப்போய் இருந்துச்சு சாமி. இதுவும் எரியற பொருள்தானே, விளக்கு மாதிரிதானேன்னு நெனச்சேன். நீங்க கழற்றறதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்.”

“தினமுமா?”

“வண்டி ஓடின மறுநாள் எல்லாம்.”

“புளி மட்டுமா?”

“புளி, சாம்பல். அப்புறம் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்ப்பேன்.”

மாசிலாமணி நெற்றியில் அடித்துக்கொண்டான். “அடப்பாவி அக்கா! ரசத்துக்குப் புளி குறையுதுன்னு எலி மேல பழி போட்டேனே. பொறி வேற வெச்சேன்!”

சாமி தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்நாயகி அழுதாள்.

“வண்டியைக் கெடுத்துட்டேனா?”

“தெரியலைம்மா. தெரியவிடாமத்தான் பண்ணிட்டீங்களே.”

ஒரு பிளக்கை எடுத்து அவளுக்குக் காட்டினார். வளைந்த முனை நடு முனையோடு ஒட்டிக் கிடந்தது.

“நார் அழுத்தினதுல அடைஞ்சுபோச்சு. நடுவுல கொஞ்சம் இடம் இருந்தாத்தான் பொறி பறக்கும்.”

ஜீப்பின் இருக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் மடத்துக்கு வந்த அன்பர் ஒருவர் கொடுத்த புதிய பிளக்குகள், வெள்ளியாக மின்னின. மற்றதில் சாதாரணப் பிளக்குகள்.

தையல்நாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டே புதியதை எடுத்து நீட்டினாள். “இதைப் போடுங்க சாமி. சூடே தங்காது, குளுமையா இருக்கும்னு அவர் சொன்னாரே.”

“அதனாலதான் வேண்டாம்.”

“நல்லதுதானே?”

“சமவெளியில பறக்கற வண்டிக்கு நல்லது. நம்ம வண்டி ஊர்ந்து ஏறுது, ஊர்ந்து இறங்குது. குளுமையானதைப் போட்டா கரி அப்படியே அப்பிக்கும். இதுக்குக் கொஞ்சம் சூடு தங்கற பிளக்தான் வேணும். அந்தச் சூட்டுல தன் கரியைத் தானே எரிச்சுக்கும்.”

சாதாரணப் பிளக்குகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்தார். கையாலேயே திருகி உள்ளே இறக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட்டு முடுக்கினார்.

“ஏறுங்கம்மா.”

“சாமி, நான்தான் சொன்னேனே...”

“பிளக் நிறம் பார்க்கணும்னா வண்டி நல்லா ஓடியாகணும். டவுன் வரைக்கும் போனாத்தான் தெரியும். நீங்க பண்ணின வேலைக்கு நீங்களும் கூட வாங்க.”

அவள் ஏறினாள். கையில் புளி வாசனை போகவில்லை. விடுமுறை முடிந்து ராத்திரி பஸ்ஸில் கல்லூரிக்குத் திரும்பவேண்டிய நான் பின்னால் காலி அரிசிச் சாக்குகளின் மேல் இருந்தேன். ஜீப் கிளம்பியது. நான்கு அடியும் விழுந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் சாமி எஞ்சினை அணைத்தார்.

“நீங்க போய்ட்டு வாங்க. இது ஆறட்டும்.”

தையல்நாயகி இறங்கவில்லை. “அப்படியே இருக்கு சாமி. கொஞ்சம்கூடக் குறையலை.”

“இருக்கட்டும்.”

“அதோடயேவா போகச் சொல்றீங்க?”

“அதை எங்கே வெச்சிட்டுப் போவீங்க? என்கிட்டயா?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

வெயில் சாய்ந்தபோது வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நடை மட்டும் இலேசாக இருந்தது. சாமி பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்.

“என்னம்மா சொன்னீங்க?”

“பக்குவமா ரெண்டு வார்த்தை சொல்லணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். வாயைத் திறந்ததும் அதுதான் வந்துச்சு. அம்மா முகத்தை எனக்கு ஏன்டி காட்டலைன்னு கத்திட்டேன்.”

“அவங்க?”

“அவளும் கத்தினா. ‘ராத்திரி பூரா வெச்சிருந்தேன் அக்கா. மழையில ஐஸ் கிடைக்கலை. விடிஞ்சப்ப அம்மா முகம் அம்மா முகமா இல்லை. அதை நீ பார்க்க வேண்டாம்னுதான் எடுக்கச் சொன்னேன்’னு அழுதா. இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடின்னேன். ‘நீ கேட்கவே இல்லையே’ன்னா.”

சாமி பானெட்டுக்குள் குனிந்து ஒரு பிளக்கின் வயரை உருவினார்.

“சத்தம் கேட்டு நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாங்க. அவ என் கையை விடலை. ஆபரேஷனுக்கு ரெட்டைப் பின்னல் போடணுமாம். அக்காதான் போடணும்னு சொல்லிட்டா. போட்டுவிட்டுத்தான் வரேன்.”

துணியால் பிடித்து ஒரு பிளக்கைக் கழற்றினார் சாமி. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. அவளிடம் நீட்டினார். நுனி வறுத்த கொத்தமல்லி நிறத்தில் இருந்தது.

“எஞ்சின் நல்லா இருக்கும்மா. ஒரு கோளாறும் இல்லை.”

“அழுக்கா இருக்கே சாமி.”

“இந்த அழுக்கைத்தான் ஒரு மாசமா தேடிக்கிட்டிருந்தேன்.”

அவள் கை தானாக முந்தானைக்குப் போனது. “துடைச்சுக் கொடுக்கட்டுமா?”

“துடைச்சிட்டா, உள்ளே எப்படி எரியுதுன்னு யாருக்குத் தெரியும்?”

தையல்நாயகி முந்தானையை விட்டுவிட்டு, பிளக்கை அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சிவகாமி பிழைத்துக்கொண்டாள். அன்றிரவே ஆஸ்பத்திரியில் தங்கிவிட்ட தையல்நாயகி பிறகு மடத்துக்குத் திரும்பவில்லை. தங்கை வீட்டிலேயே பதினோரு ஆண்டுகள் இருந்து அங்கேயே இறந்தாள்.