கொம்பைக் கழற்றப் போகிறவர்கள்

பேர்கன் நகர நூலகத்தின் முதல் மாடியில் ரூபி நோர்வே மொழி சொல்லிக்கொடுத்தாள். அன்று வந்திருந்தது தவமலர் ஒருத்திதான். ஆசிரியையைவிடப் பதினாறு வயது மூத்தவள், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், முதியோர் இல்லத்தில் சமைக்கிறவள். பேச்சுச் சோதனையில் தேறினால் சமையலறையை விட்டு, முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகலாம். இரண்டு முறை தவறிவிட்டாள். பெயர் பதிய இன்று கடைசி நாள்.

“இந்தமுறை வேண்டாம் ரீச்சர். எல்லாம் வடிவாப் படிச்சு முடிச்சிட்டுப் பதியிறன்.”

ரூபி பதில் சொல்வதற்குள் தெருவில் பெரும் சத்தம். சிவப்புக் காற்சட்டை போட்ட பிள்ளைகள் பாடி ஆடிக்கொண்டு வந்தார்கள்.

“உதென்ன கூத்து?”

“பள்ளிக்கூடக் கடைசி வருசப் பிள்ளையள். ‘ருஸ்’ எண்டு சொல்லுறது.”

“அப்பிடியெண்டால்?”

“முந்தி நோர்வேப் பிள்ளையள் மேற்படிப்புக்குக் கோப்பன்ஹேகனுக்குப் போகவேணும். புதுசா வாறவனுக்குத் தலையில கொம்பு கட்டிவிடுவினமாம். சோதிச்சுப் பாத்துத்தான் கழட்டுவினம். கொம்பைக் கழட்டப் போறவன் எண்டு லத்தீனில ஒரு நீட்டுப் பேர். அதின்ர வால்தான் ருஸ் எண்டு சொல்லுவினம்.”

தவமலர் சிரித்தாள். “எனக்குக் கட்டினது ரெண்டு வருசமாக் கழரேல்லை. இனி மான்கொம்பு மாதிரிக் கிளையும் விடும்.”

பிறகு தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “குடுத்துவைச்சதுகள். சோதினை முடிஞ்சுது, ஆடுதுகள்.”

“ஆர் சொன்னது? சோதினை இனித்தான்.”

“எழுத முன்னமே ஆட்டமோ! பெயிலானால்?”

“கேளுங்கோவன்,” என்று ரூபி யன்னலைத் திறந்துவிட்டாள்.

தவமலர் தயங்கினாள். பிறகு தலையை நீட்டித் தெரிந்த நோர்வே மொழியில் கேட்டாள். நடுவில் ஒரு சொல் மறந்துபோக, கையால் காட்டினாள். தான் இரண்டு முறை தவறியதையும் சொன்னாள். கீழே ஒரு பெண் நின்று, அண்ணாந்து, ஏதோ கத்தினாள். இவளும் கத்தினாள். இருவரும் சிரித்தார்கள்.

“என்னவாம்?” என்றாள் ரூபி.

“பெயிலானால் திரும்ப எழுதுவாளாம். ஆடினது மிச்சமாம்.” தவமலரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. “என்ர சோதினை எப்ப எண்டு கேக்கிறாள் ரீச்சர். பாத்துக்கொண்டு நிக்கிறாள். என்னத்தைச் சொல்ல?”

“பதிஞ்சால்தானே அக்கா திகதி தெரியும்.”