ஒரு மெஷின், இரண்டு வீடு

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

கரூர்ப் பக்கம் கல் குவாரிகள் சூழ்ந்த ஓர் ஊர். கல்தூசி நெஞ்சில் படிந்து மூச்சுக்குத் திணறுகிறவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்க ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு நலக்குழு நடத்தினார்கள். அதில் இருபது வருடம் தொண்டு செய்தவள் அமலோற்பவம். கணவனைக் கல்தூசிக்குப் பறிகொடுத்த பிறகு வந்து சேர்ந்தவள். படுக்கைப்புண்ணைக் கழுவுவாள், கஞ்சி ஊட்டுவாள், வீட்டாரே முகம் சுளிக்கும் துணிகளை அலசிப் போடுவாள். தனக்கென்று குழுவிடம் எதையும் கேட்டதில்லை.

குழுவிடம் இருந்தது ஒரே ஓர் ஆக்சிஜன் மெஷின். வீரமலை என்ற குவாரித் தொழிலாளியின் வீட்டில் அதைக் கொண்டுபோய் வைத்ததே அமலோற்பவம்தான். குழாயை மூக்கில் மாட்டியபடி அவன் படுத்தே கிடந்தான். கழற்றினால் சற்று நேரத்தில் உதடு நீலம் பாரித்துவிடும்.

பிறகு அமலோற்பவத்துக்கே நுரையீரல் கெட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சில நாள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஓரளவு தேறியதும், இனி வீட்டில் வைத்துக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குழுவின் பொறுப்பாளர் தவமணி இன்னொரு மெஷினுக்காக ஏறாத படி இல்லை. எங்கும் கிடைக்கவில்லை.

ஒருநாள் அமலோற்பவம் தவமணியின் கையைப் பிடித்தாள்.

“வீரமலை வீட்டு மெஷினை எனக்குக் கொண்டாந்து குடு தவமணி.”

“எடுத்தா அவரு தாங்க மாட்டாரேக்கா.”

“நானும்தான் தாங்க மாட்டேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு. கேட்டுத்தான் பாரேன்.”

தவமணி போனாள். வீரமலையின் மனைவி செல்லாயி வாசலிலேயே எதிர்ப்பட்டாள். அமலோற்பவத்தின் நிலைமை அவள் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. தவமணியின் முகத்தைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. பேசவே விடவில்லை. ஆடு சினையாக இருப்பது, மகள் வீட்டு விசேஷம், தெருக்குழாயில் தண்ணீர் வராதது என்று அடுக்கிக்கொண்டே உள்ளே போய், மெஷினை மறைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டாள்.

வீரமலைக்கு எதுவும் தெரியாது. “அமலோற்பவம் அக்கா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?” என்றான்.

“வருவாங்கண்ணே” என்றாள் தவமணி. வந்த விஷயத்தைக் கேட்காமலே திரும்பிவிட்டாள்.

அமலோற்பவத்திடம், “கேட்டேங்க்கா. முடியாதுன்னுட்டாங்க” என்றாள்.

“வீரமலையுமா முடியாதுன்னான்?”

தவமணி ஆமாம் என்று தலையசைத்தாள்.

“அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினேனே...”

அமலோற்பவம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு பார்க்க வந்த யாரோடும் பேசவில்லை. கூடவே தொண்டு செய்தவர்கள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். மாதம் முடிவதற்குள் போய்விட்டாள். வீரமலையும் மழைக்காலம் தாண்டவில்லை.

உயிருக்குப் பயந்து கேட்டவள் ஒருத்தி. தெரிந்தும் கேட்கவிடாமல் தடுத்தவள் ஒருத்தி. கேட்காமலே ‘கேட்டேன்’ என்றவள் ஒருத்தி. இந்த மூவரில் தவறு செய்தது யார்?

விடை: அமலோற்பவம் கேட்டதில் தவறில்லை; பிறருக்காகவே உழைத்தவளுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. செல்லாயி புருஷனின் மூச்சைக் காத்தாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. தவமணி கேட்காமல் திரும்பியதுகூடச் சரிதான். குழுவை நம்பிக் கிடக்கிறவனிடம் குழுவே போய்க் கேட்டால் அவனால் எப்படி மறுக்க முடியும்? ஆனால் ‘கேட்க எனக்கு மனசு வரலக்கா’ என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அமலோற்பவத்தின் கோபம் தவமணியோடு நின்றிருக்கும். அதைத் தாங்கப் பயந்து, சொல்லாத சொல்லை வீரமலையின் வாயில் வைத்தாள். செய்த தொண்டெல்லாம் வீண் என்ற நினைப்போடு ஒருத்தியைச் சாகவிட்டாள். தவறு தவமணியுடையது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல், அவள் இன்றும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.