கழன்று விழுந்த விலங்குகள்

கருங்கழிப்பட்டினத்துத் துறைமுகத்தில் எங்கேயும் போகாத கப்பல் ஒன்று நின்றது. பாய்மரம் ஒடிந்த பழைய மரக்கலம். மன்னன் உதயமாறன் அதைச் சிறைச்சாலை ஆக்கியிருந்தான். உள்ளே இருநூறு கைதிகள். அவர்களுக்குச் சோறும் துணியும் அனுப்புகிற பொறுப்பு செண்டலங்காரருடையது. அரசனுக்கு அவர் மாமன் முறை. ஆகவே அவர் அனுப்புகிற மூட்டையை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை அவர் மூச்சிரைக்கச் சபைக்குள் ஓடிவந்தார்.

"மோசம் போனோம் மன்னா! மூன்று கைதிகள் விலங்கிலிருந்து காலை உருவிக்கொண்டு நீந்திக் கரையேறிவிட்டார்கள்!"

"பிடித்தீர்களா இல்லையா?"

"பிடித்துவிட்டோம். கோயில் அன்னசத்திரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். காவலர்கள் கழுத்தைப் பிடித்தபோதுகூட, 'மோர் மட்டும் ஊற்றிக்கொள்கிறோம்' என்று கெஞ்சினார்களாம்!"

"பூட்டிய விலங்கு எப்படிக் கழன்றது?"

"எல்லாம் உப்புக்காற்று செய்கிற வேலை. இரும்பு உப்பிவிட்டது. சட்டைகூடப் பெருத்துவிட்டது மன்னா, ஒன்றுக்குள் இரண்டு பேர் நுழையலாம். கொல்லனை விட்டு விலங்குகளைச் சிறிதாக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பயம் வர, இந்த மூவரையும் தூக்கில் போட வேண்டும்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூத்தபிரான்தான். வாய்த்துடுக்கால் இரண்டு முறை நாடு கடத்தப்பட்டவர். அவர் இல்லாமல் சபை சலித்துப்போகவே, இரண்டு முறையும் அரசனே ஆள் அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டான்.

"மூன்று உயிர் போகப்போகிறது. உமக்குச் சிரிப்பு வருகிறதா?" என்று சீறினான் அரசன்.

"மன்னிக்க வேண்டும் அரசே. விலங்கை இறுக்கக் கொல்லன் எதற்கு? சுத்தியல் படாமல் நான் இறுக்கிக் காட்டுகிறேன். நாற்பது நாள் கொடுங்கள்."

"இறுகாவிட்டால்?"

"அந்த மூன்று கயிற்றோடு நாலாவதாக எனக்கும் ஒன்று கட்டச் சொல்லுங்கள்."

 அரசன் அவரை உற்றுப் பார்த்தான். "என்ன வேண்டும், கேளும்."

"அரண்மனைக் களஞ்சியச் சாவி. இருநூறு வேட்டி. இருநூறு கம்பளி."

"இரும்பை இறுக்கக் கம்பளியா?"

"நடுங்குகிற காலில் விலங்கு எப்படி நிற்கும் அரசே?"

அன்றே கூத்தபிரான் அரண்மனைச் சமையல்காரர் காத்தமுத்துவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். காத்தமுத்து செண்டலங்காரரின் மூட்டை ஒன்றைப் பிரித்தார். "இதில் புழு தெரிகிறது. அரிசி எங்கே ஐயா?" என்றார்.

சட்டை என்ற பெயரில் கைதிகள் சாக்கைக் கிழித்துத் தலை நுழைத்து மாட்டியிருந்தார்கள். மருதையன் என்ற கைதியின் விலங்கு சுவரில் ஆணியில் தொங்கியது.

"இது என்னப்பா?"

"காலில் நிற்க மாட்டேனென்கிறது ஐயா. நடந்தால் எங்கேயாவது விழுந்து தொலைந்துபோகிறது. அதிகாரி வரும்போது எடுத்து மாட்டிக்கொள்வேன்."

"அப்படியானால் நீயும் தப்பித்திருக்கலாமே?"

"நீந்தத் தெம்பு வேண்டாமா ஐயா?"

எதற்கும் சிரிக்கிற கூத்தபிரானுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. கம்பளியை எடுத்து அவரே மருதையனுக்குப் போர்த்திவிட்டார்.

அடுப்பு மூண்டது. கஞ்சியில் தொடங்கி, மெல்ல மெல்லச் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு என்று போனது. நாற்பதாம் நாள் அரசன் கப்பலுக்கு வந்தான். பின்னால் செண்டலங்காரர், ஏணி முனக, ஏறி வந்தார்.

அரசன் குனிந்து மருதையனின் விலங்கைப் பிடித்து இழுத்தான்.

"ஐயோ, வலிக்கிறது மன்னா!"

அடுத்தவனின் விலங்கை இழுத்தான். அதுவும் அசையவில்லை.

"ஏமாற்று வேலை!" என்று கத்தினார் செண்டலங்காரர். "திருட்டுத்தனமாகக் கொல்லனைக் கூட்டி வந்திருக்கிறார்!"

"யார் அந்தக் கொல்லன்? வரச் சொல்லும்" என்றான் அரசன் கூத்தபிரானிடம்.

காத்தமுத்து கரண்டியோடு வந்து கும்பிட்டு நின்றார்.

அரசன் கரண்டியைப் பார்த்தான். கைதிகளின் கால்களைப் பார்த்தான். அவன் முகம் கறுத்தது.

"மாமா, இரும்பு உப்பவில்லை. என் பெயரைச் சொல்லி இத்தனை பேரைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள்." காவலர் பக்கம் திரும்பினான். "அந்த மூவருக்கும் தூக்கு இல்லை. இவருக்கு விலங்கு பூட்டுங்கள்!"

காவலர்கள் பூட்டப் பார்த்தார்கள். கப்பலில் இருந்த ஒரு விலங்கும் செண்டலங்காரரின் காலைச் சுற்றவில்லை. நான்கு பேர் சேர்ந்து அழுத்தியும் விலங்கின் வாய் மூடவில்லை.

"மன்னா, பெரிதாக ஒன்று அடிக்கச் சொல்லட்டுமா?" என்றார் காவல் தலைவர்.

"வீண்வேலை!" என்று கையமர்த்தினார் கூத்தபிரான். "அவர் அனுப்பிய அரிசி எட்டு மூட்டை கீழ்த்தளத்தில் அப்படியே கிடக்கிறது. அதையே அவருக்குச் சமைத்துப் போடுங்கள். ஒரே மாதத்தில் இந்த விலங்கே பொருந்திவிடும்!"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான். செண்டலங்காரரின் பதவியைக் காத்தமுத்துவுக்குக் கொடுத்தான்.