பாடையைச் சுற்றிய கோடு

இப்படியும் ஒரு மனிதன் செய்வானா என்று கேட்காதீர்கள். செய்தான்.

கடலோரத் துறைமுகம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. கடனைத் தராமல் இழுத்தடிப்பவனைக் கண்ட இடத்தில் மறித்து, அவனைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு கிழித்துவிடுவார்கள். கடனைத் தீர்க்காமல் அவன் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

இதைக் கேள்விப்பட்ட பேரரசர், நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டார்: கூலிக்குக் கடன் வசூலிக்கும் ஆட்கள் எவரையும் சுற்றிக் கோடு கிழிக்கக் கூடாது. கடன் கொடுத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. துறைமுகத்தை ஆண்ட சிற்றரசர் தம் எல்லைக்குள் இன்னொரு சட்டம் போட்டார்: கூலியாளோ கடன் கொடுத்தவரோ, யாராயினும் சாவு வீட்டில் கோடு கிழிக்கக் கூடாது.

கப்பல் பாய் தைக்கும் கலியன், ஆதிமூலத்திடம் கடன் வாங்கியிருந்தான். அடைக்கும் முன்பே காய்ச்சலில் செத்துப்போனான். பாடையும் கட்டியாயிற்று. ஆதிமூலம் தன் வசூல் ஆளை அனுப்பப் பார்த்தார். "பேரரசர் சட்டம் இருக்குதுங்க, என்னால ஆகாது" என்று அவன் கையை விரித்துவிட்டான். உடனே ஆதிமூலம் தானே சுண்ணாம்புக் கலயத்தோடு வந்தார். வந்தவர் பாடையைச் சுற்றிக் கோடு கிழித்தார். பிணத்தைச் சுற்றி ஐயா, பிணத்தைச் சுற்றி!

தூக்க வந்த நால்வரும் பின்வாங்கினார்கள். கலியனின் மகள் செங்கமலம் அலறினாள்.

"பொழுது சாயறதுக்குள்ள எங்கப்பாவ எடுக்கணும். நம்ம ராசா சட்டம் உங்களுக்குத் தெரியாதா?"

"பேரரசர் சட்டத்துல என்னைத் தடுக்கலையேம்மா. பெரிய சட்டம் விட்டதைச் சின்னச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?" என்றார் ஆதிமூலம், ஏதோ மீன் விலை பேசுவதுபோல.

வாசலில் கூடியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். செங்கமலம் கோட்டுக்குள் கால் வைத்தாள். முந்தானையால் சுண்ணாம்பை அழித்தாள். "தூக்குங்க" என்றாள். பேரரசர் சட்டம் தனக்கு விட்டுவைத்த உரிமையை ஒரு பெண் அழித்துவிட்டாள் என்று ஆதிமூலம் மன்றத்துக்கு ஓடினார்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். கோடு கிழித்தவர் செய்தது சரியா, அதை அழித்தவள் செய்தது சரியா?

விடை: அழித்தவள் செய்ததுதான் சரி. ஆதிமூலம் கோடு கிழிக்காமல் இருந்திருந்தால் எந்தச் சட்டத்தை மீறியிருப்பார்? எதையும் மீறியிருக்க மாட்டார். இரண்டுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிய வழி இருக்கும்போது இரண்டும் செல்லும். பேரரசர் கூலியாளைத் தடுத்தார் என்பதற்காக, மற்றவருக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார் என்று ஆகிவிடாது. குடிகளுக்குக் கூடுதல் காவல் தரச் சிற்றரசருக்குத் தடையும் இல்லை. மன்றமும் இதையே சொல்லி ஆதிமூலத்துக்கு அபராதம் போட்டது. கடன் கடன்தான், அதை அவர் வழக்குப் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு மனம் ஆறாதது வேறு விஷயம். சிற்றரசர் சட்டம் தெரிந்த ஆண்கள் நாற்பது பேர் அந்த வாசலில் நின்றார்கள். ஒருவர்கூடக் காலை எடுத்து வைக்கவில்லையே!