கவிழ்த்து வைத்த விளக்கு

அநியாயம் நடந்தது பேச்சிக்கு. செய்தவர் ஏகாம்பரம். செய்ய விட்டவர்கள் ஊரார் எல்லோரும்.

கந்தகம் வெட்டக் கடல்கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கும் மேட்டுநிலம் அது. சுற்றிலும் கருங்கல்லாக உறைந்த நெருப்புக் குழம்பு. உச்சியில், எரிமலையின் வாய்க்குள் ஒரு பச்சை ஏரி. அதைப் பார்க்க வருகிறவர்களைப் பேச்சிதான் அழைத்துப் போவாள். பட்டப்பகலிலும் கையில் எண்ணெய் விளக்கு இருக்கும். சங்கிலியில் கட்டி, முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டு முன்னால் நடப்பாள்.

மலை சில நாள் மூச்சு விடும். அந்த மூச்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பள்ளங்களில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். விளக்கு அணைந்தால் மலை மூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் யாரும் ஓரடி வைக்கக் கூடாது. அந்த ஊரின் சட்டம் அது.

அன்று ஏரிக்குப் போகும் வழியில், கோரைப்பள்ளத்தின் விளிம்பில் விளக்கு அணைந்தது. பேச்சி எல்லோரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஏகாம்பரம்; ஏரியைப் பார்க்க வந்து சத்திரத்தில் தங்கியிருந்த துறவி தவமணி அம்மையின் சீடர். வயதில் அம்மையைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர். முன்பு நீதிமன்றத்தில் வழக்காடியவர். ஏரியைப் பார்க்காமல் திரும்பியதை அவரால் பொறுக்க முடியவில்லை. நேராக ஊர்ச்சபைக்குப் போனார்.

"விளக்கு தானாக அணையவில்லை. இவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, குனிந்து ஊதினாள். நான் கண்ணால் பார்த்தேன். தூறல் போட்டது. மேலே ஏறச் சோம்பல். மதியத்துக்குள் வீடு போய்ச் சேரலாம் அல்லவா?"

அந்தச் சபையில் புகார் சொல்கிறவர் கல் இருக்கையில் உட்காருவார். புகாருக்கு ஆளானவர் தரையில் உட்கார வேண்டும். ஏகாம்பரம் கல்லில் உட்கார்ந்து ஒரு நாழிகை பேசினார். அப்படி ஒரு பேச்சை அந்த ஊர் கேட்டதில்லை. பேச்சி ஏதும் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

"பேருதான் பேச்சி. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துருமாக்கும்," என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

தலைவர் சன்னாசி மூப்பர் அவளுடைய விளக்கை வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தார். விளக்கு கவிழ்ந்தவள் இனி வழிகாட்ட முடியாது. கந்தகக் குழிக்குத்தான் போக வேண்டும். பேச்சியின் தாய் இருமி இருமிச் செத்தது அந்தக் குழியில்தான். அது சபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

தவமணி அம்மை அன்று காய்ச்சலோடு சத்திரத்தில் படுத்திருந்தார். மறுநாள் காலையில்தான் ஏகாம்பரம் விவரம் சொன்னார். சொல்லி முடித்துக் காத்திருந்தார். பாராட்டை எதிர்பார்த்தாரோ என்னவோ.

அம்மை எழுந்து சத்திரத்துச் சமையலறைக்குப் போய் ஒரு விளக்கும் நீளமான மூங்கில் கழியும் வாங்கி வந்தார்.

"கோரைப்பள்ளத்துக்கு வழி தெரியுமா, ஏகாம்பரம்?"

"தெரியும், அம்மா. உங்களுக்குக் காய்ச்சல் இன்னும்..."

"நடங்கள்."

பள்ளத்தின் விளிம்பில் வெயில் இருந்தது. கீழே கோரைப்புல் பச்சையாக நின்றது. எங்கோ ஒரு குருவி கத்தியது.

"பாருங்கள் அம்மா. இங்கே என்ன ஆபத்து? தூறலைத் தவிர நேற்றும் இப்படித்தான் இருந்தது."

அம்மை விளக்கைக் கொளுத்திக் கழி நுனியில் கட்டினார். கழியை அவரிடம் கொடுத்தார்.

"இறக்குங்கள். கால் இங்கேயே இருக்கட்டும்."

ஏகாம்பரம் இறக்கினார். விளக்கு புல் நுனியைத் தொடுமுன் சுடர் குறுகி, நீலமாகி, அணைந்தது.

"காற்று," என்றார்.

அம்மை கீழே கை காட்டினார். ஒரு புல்லும் அசையவில்லை.

மறுபடி கொளுத்தினார். முகத்துக்கு நேராக இருந்தவரை நன்றாக எரிந்தது. இறக்கியதும் அணைந்தது.

"எண்ணெய் போதாது போலிருக்கிறது."

அம்மை விளக்கைச் சாய்த்துக் காட்டினார். எண்ணெய் தளும்பியது. மூன்றாவது முறையும் அணைந்தது.

"இப்போது யார் ஊதினார்கள், ஏகாம்பரம்?"

அவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். விளக்கு தொங்கிய இடத்துக்குக் கீழே ஒரு காடை கிடந்தது. காயம் இல்லை. இறகு கலையவில்லை. தூங்குவது போலக் கிடந்தது.

ஏகாம்பரம் நிமிர்ந்து, "ஆனால் அவள் வாயை மறைத்தது உண்மை, அம்மா. அதை நான் கற்பனை செய்யவில்லை," என்றார்.

அம்மை விளிம்பிலிருந்து விலகி வந்து விளக்கை ஏற்றித் தரையில் வைத்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுடருக்கு வெகு அருகில் குனிந்தார். அப்படியே இருந்தார். சுடர் ஆடவில்லை. பிறகு முந்தானையை எடுத்தார். அவர் மூச்சு பட்டதும் சுடர் பக்கவாட்டில் சாய்ந்தது.

ஏகாம்பரம் அந்தச் சுடரைப் பார்த்தபடி நின்றார். கழி கையிலிருந்து நழுவியது.

"தன் மூச்சு பட்டு அணைந்துவிடக் கூடாது என்றுதான்..."

திரும்பும் வழியில் சொன்னார்: "மூப்பரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், அம்மா. பெரிய மனிதர். புரிந்துகொள்வார்."

"நேற்றுத் தனியாகவா சொன்னீர்கள்?"

சபை கூடியது; அம்மையும் வந்திருந்தார். குழிக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சியை ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். கூடையும் கையுமாக வந்தவள், நேற்று உட்கார்ந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் விளக்கு கவிழ்ந்தபடி இருந்தது.

மூப்பர் கல் இருக்கையைக் காட்டினார். ஏகாம்பரம் அதில் உட்கார்ந்தார். பழக்கம். பள்ளத்தைச் சொன்னார், காடையைச் சொன்னார், முந்தானையைச் சொன்னார். தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் அவர் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நேற்றுச் சிரித்தவர்கள் இன்று தலையாட்டினார்கள்.

மூப்பர் எழுந்தார். "கவிழ்த்தது என் கை. ஆனா கவிழ்க்கச் சொன்னது உங்க சொல்லு. நிமிர்த்துறதுக்கு உங்க கைதான் வேணும். எங்க வழக்கம் அப்படி."

ஏகாம்பரம் கல்லை விட்டு இறங்கினார். முட்டிகள் ஒத்துழைக்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மண்டியிட்டு, விளக்கை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

உடனே எழவும் அவரால் முடியவில்லை. அங்கிருந்தபடியே அம்மையைப் பார்த்தார்.

"அம்மா, தப்பு என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஏன் சொல்லவில்லை? வாய் மூடி இருந்தால் சம்மதம் என்றுதானே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்?"

"என்னை ஏன் கேட்கிறீர்கள்? பக்கத்தில்தானே இருக்கிறாள்."

ஏகாம்பரம் திரும்பினார். பேச்சியின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஏன் சொல்லவில்லை, அம்மா?"

பேச்சி விளக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மண் ஒட்டியிருந்த திரியை விரலால் துடைத்தாள்.

"மூணு தடவை சொன்னேன், ஐயா. கீழ உக்காந்து சொன்னேன்."