சொர்ணம் கையில கொட்டின கஞ்சி

ஒரு ஊர்ல ஒரே வீட்டுல ரெண்டு மருமகளுங்க இருந்தாங்க. மூத்தவ பேரு தவமணி, இளையவ பேரு சொர்ணம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கிட்டவங்க. ஒரே அடுப்படிதான், ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது. ம் சொல்லு, அப்பத்தான் நீ முழிச்சிருக்கேன்னு தெரியும்.

ஏன் பேச்சு கெடையாதுன்னா, சொர்ணத்தோட அண்ணன் செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்தப்போ தவமணி அவனை "வாங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு அவளுக்குப் பல்வலி, வாயைத் திறக்க முடியல. அதை அவளும் சொல்லல, இவளும் கேக்கல. ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. ஒருத்தி பாத்திரத்தை டமார்னு வைப்பா. இன்னொருத்தி கதவை படார்னு சாத்துவா. அதுதான் அவங்க பேச்சு.

அப்புறம் ஒருநாள் காலையில, விருந்தாளி வாராங்கன்னு பெரிய பானையில சோறு வெச்சாங்க. தளதளதளன்னு கொதிக்குது. தவமணி துணியைப் போட்டுப் பானையைத் தூக்கிக் கஞ்சியை வடிக்கப் போறா. துணி நழுவுது. பின்னாடி வந்த சொர்ணம் பாத்துட்டா. "அக்கா, நழுவுது"ன்னு சொல்லியிருந்தா போதும். பேச்சுதான் இல்லையே. அதனால சத்தமில்லாம பானையைப் பிடிக்கக் கையை நீட்டினா. பின்னாடி ஆள் நிக்கிறது தவமணிக்குத் தெரியல, சடக்குன்னு திரும்பிட்டா. அவ்வளவுதான். தபதபதபன்னு கஞ்சி சொர்ணத்தோட வலது கையில கொட்டிருச்சு.

என்ன, செத்துட்டாளான்னா கேக்குற? இல்ல, கை மட்டுந்தான். கேளு.

சத்தம் கேட்டு மாமியார் இட்லி மாவை எடுத்துக்கிட்டு ஓடி வந்தா, தடவுறதுக்கு. தவமணி மாவைத் தள்ளி விட்டுட்டு, குடத்துத் தண்ணியை சொர்ணம் கையில ஊத்தினா. சலசலசலன்னு ஒரு குடம். அப்புறம் இன்னொரு குடம். அப்புறம் இன்னொண்ணு. அப்பவும் ரெண்டு பேரும் பேசல.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போறப்போ மாமியார் கேட்டா, "அவ வேணும்னு ஊத்துனாளா?" சொர்ணம் வாயைத் திறக்கல. எரிச்சல், கோவம். கொஞ்ச நேரம் அவளும் தவிக்கட்டுமேன்னு நெனச்சா.

அங்க எஸ்தர்னு ஒரு நர்சம்மா. கட்டுப் போட்டுக்கிட்டே, "எப்படிம்மா பட்டுச்சு?"ன்னு கேட்டா. சொர்ணம், "தெரியல"ன்னா. பொய்தான். சொன்னதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு அவளுக்கு. நர்சம்மா சீட்டுல ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எழுதி வெச்சா.

அப்போ விஷயம் கேள்விப்பட்டு டடடடன்னு பைக்குல செல்லப்பாண்டி வந்துட்டான். சீட்டைப் பிடுங்கிப் பாத்தான், படிக்கத் தெரியல. "என்ன எழுதியிருக்கு? ஸ்டேஷன்ல குடுக்கணும்."

"ஸ்கால்டுன்னு எழுதியிருக்கேன்"ன்னா எஸ்தர். "கொதிக்கிறது மேல பட்டு வெந்துபோனா அப்படி எழுதுவோம். பொங்குறதுக்கு முன்னாடி வரைக்கும் பாலைக் காய்ச்சுறதுக்கும் அதே வார்த்தைதான். கோழியை வெந்நியில முக்கி எறகு பிடுங்குறோம்ல, அதுக்கும் அதேதான்."

சொர்ணம் வலியோட கேட்டா, "அப்ப நான் பாலா, கோழியா?"

நர்சம்மா சிரிச்சுட்டா. செல்லப்பாண்டி சிரிக்கல. "ஊத்தினது யாருன்னு அதுல இருக்கா?"

"அது இந்த வார்த்தையில இல்லைங்க. உங்க தங்கச்சிதான் சொல்லணும்."

"சொல்லு சொர்ணம். அவதானே? நீ தலையை ஆட்டு போதும், மத்ததை நான் பாத்துக்குறேன்."

ம்? தூங்கிட்டியா? சரி.

சொர்ணம் தலையை ஆட்டல. வாசப்பக்கம் பாத்தா. அங்க தவமணி, பின்னாடியே வந்தவ, ஈரச் சீலையோட பெஞ்சுல உக்காந்திருக்கா. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. அவ எடது பாதத்துல எலுமிச்சம்பழம் கணக்கா ஒரு கொப்புளம். கஞ்சி அவ மேலயும்தான் கொட்டியிருக்கு. யாரும் பாக்கல, அவளும் சொல்லல. அந்தக் காலோடதான் மூணு குடம் சுமந்திருக்கா.

சொர்ணம் அண்ணன் பக்கம் திரும்பினா. "அண்ணே, யாரும் ஊத்தல. பின்னாடி நிக்கிறேன்னு நான் சொல்லல. அவ்வளவுதான் நடந்துச்சு. நீ வீட்டுக்குப் போ. நர்சம்மா, அந்தா உக்காந்திருக்காங்கள்ல, அவங்க காலைப் பாருங்க மொதல்ல."

செல்லப்பாண்டி சீட்டைக் கட்டில்ல வெச்சுட்டு, வெளிய போயி, "எந்திரிங்கக்கா, உள்ள கூப்பிடுறாங்க"ன்னான்.

எஸ்தர் தவமணி காலுக்கு மருந்து போட்டு, அவளுக்கும் ஒரு சீட்டு எழுதினா. அதே வார்த்தை.

சாயங்காலம் வீட்டுலேர்ந்து ரசஞ்சோறு வந்துச்சு. சொர்ணம் வலது கை பூராக் கட்டு. தவமணி நொண்டி நொண்டி வந்து கட்டில் ஓரத்துல உக்காந்து, சோத்தைப் பெசஞ்சு ஒரு வாய் நீட்டினா. ஆவி பறக்குது. சொர்ணம் அதையே பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு மாசம் கழிச்சு அவகிட்ட வாயைத் திறந்தா.

"ஊதிக் குடுங்கக்கா."

தவமணி ஊதினா. ஃபூ... ஃபூ...ன்னு. கண்ணுல தண்ணி கொட்டுது, ஊதிக்கிட்டே இருக்கா.

அவங்க சாப்பிட்டு முடிச்சாச்சு, நானும் சொல்லி முடிச்சாச்சு. காலை நீட்டு, கண்ணை மூடு.