கூழைக்கடாவுக்குப் பொய் சொன்ன நீர்நாய்

கடம்பேரியின் மதகுக்குப் பக்கத்தில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வசித்தது. ஏரிக்கு வந்துபோகும் பறவைகளை வேடிக்கை பார்ப்பதுதான் அதற்குப் பொழுதுபோக்கு. முழுசாகப் பார்த்ததா என்றால், அதுதான் இல்லை! மார்கழியில் கூழைக்கடாக்கள் மீனை வாய்ப்பையில் அள்ளுவதைப் பார்க்கும், வயிறு எரியும். மரமெல்லாம் எச்சத்தால் வெளுத்திருப்பதைப் பார்க்கும், மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

"என் குட்டிகளுக்கான மீனை வந்தவங்க போனவங்க எல்லாம் தின்பதா?" என்று கறுவியது.

கூழைக்கடாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் முதலில் நாலு பேர் வந்து ஏரியைப் பார்ப்பார்கள். அவர்கள் திரும்பிப்போய்ச் சொன்ன பிறகே கூட்டம் கிளம்பும்.

அந்த வருஷம் நால்வரும் இறங்கியதுமே நீர்நாய் ஓடிப்போய் நின்றது.

"வாங்க அண்ணே! ஆனா இந்தத் தடவை தங்க முடியாது. மதகு உடைஞ்சுபோச்சு. எவ்வளவு மழை பெஞ்சாலும் தண்ணி நிக்காது!"

"அப்படியா! இங்கேயே இருக்கிற தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது மூத்த கூழைக்கடா. நால்வரும் பறந்துவிட்டார்கள்.

மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. மரங்கள் காலியாக நின்றன. தண்ணீர் அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது. நீர்நாய்க்குத் தலைகால் புரியவில்லை.

மாசியில் மீன்கள் குறைந்தன. பங்குனியில் ஒருநாள் முழுக்க முங்கியும் ஒரே ஒரு கெண்டைதான் அகப்பட்டது. அதுவும் வெறும் முள்.

"ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கே?" என்று கெண்டையைக் கேட்டது நீர்நாய்.

"பின்னே என்ன! பறவை எச்சம் விழுந்தாத்தான் தண்ணியில பாசி பிடிக்கும். பாசி இருந்தாத்தான் எங்க குஞ்சுங்க பிழைக்கும். பறவையே வரலையே, நாங்க எதைத் தின்ன?" என்று எரிந்து விழுந்தது கெண்டை.

நீர்நாய்க்குச் சுருக்கென்றது. தன் குட்டிகளின் வாயில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அழுதது.

நண்டும் நத்தையும் பொறுக்கி எப்படியோ அடுத்த ஐப்பசி வரை ஓட்டியது. அதே நால்வரும் ஏரிக்கு மேலே பறந்து வந்தார்கள்.

"அண்ணே, இறங்குங்க! நான் சொன்னது பொய்! மதகு உடையவே இல்லை!"

"அதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமே தங்கச்சி! எங்க பிள்ளைங்க வேற ஏரியில பொறந்தாச்சு. அதுங்களுக்கு இனிமே அதுதான் ஊர்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு மூத்த கூழைக்கடா திரும்பியது.

வளராமல் நின்றுபோன சின்னக் குட்டியை நீர்நாய் வாயில் கவ்விக்கொண்டது. பெரியதைப் பின்னால் வரச் சொன்னது. பறவைகள் போன திசையைப் பார்த்து, பிறந்த ஏரியை விட்டு நடந்தது.

ஒரு பருவத்தில் கண்டதை மட்டும் வைத்து ஒருவரை வெறுத்து விரட்டினால், மற்ற பருவங்களில் அவரால் நாம் வாழ்ந்த வாழ்வையும் சேர்த்தே இழப்போம்.